கலைச்சொல்: தொட்டியில ஏறுற மாசுக்கு "ஏறுமாசு" சரியா வருமா?

எல்லாருக்கும் வணக்கம். பிளேட்டிங் (மின்முலாம் பூசற) தொழிலுக்கு நாம தமிழ்ல சொல்லு தேடிக்கிட்டிருக்கோம் இல்லையா, அதுல ஜாப் (முலாம் பூச வந்த பொருள்) மேல இருக்கற அழுக்குக்கும் பாத்ல (கரைசல் தொட்டில) சேர்ற மாசுக்கும் தனித்தனிப் பேரு வேணும்னு நான் சொன்னதுக்கு ஐயா எழுதின பதில் இது:

> ஜாப் மேல இருந்தாலும் பாத்ல இருந்தாலும் அழுக்கு அழுக்குதானே, ரெண்டுக்கும் "மாசு"ன்னே போட்டுரலாம், எதுக்கு வீணா ரெண்டு சொல்லு?

ஐயா, மத்த எல்லாத்துலயும் நீங்க சொன்னதைத்தான் எடுத்துக்கிட்டேன், "எலக்ட்ரோ கிளீனிங்"குக்கு (கரண்ட் விட்டு அழுக்கு எடுக்கறதுக்கு) நீங்க குடுத்த "மின்துலக்கல்" அருமையா இருக்கு, பாத்திரம் துலக்குறவங்க யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டியதில்ல. ஆனா இந்த ஒரு இடத்துல மட்டும் ஒத்துக்க முடியல, ஏன்னா இந்த ரெண்டையும் ஒண்ணாக்கினா பிளேட்டிங் ஷாப்ல வேலை பாக்குற பையனுக்கு எங்க கை வைக்கணும்னே தெரியாமப் போயிரும்.

கெமிஸ்ட்ரி பக்கம் இல்லாதவங்களுக்காக ஒரு வார்த்தை. நிக்கலோ குரோமோ போடறதுக்கு முன்னாடி இரும்பு ஜாப்பை காஸ்டிக் சோடா, சிலிக்கேட் எல்லாம் கலந்த சூடான தொட்டிக்குள்ள தொங்கவிடுவாங்க, சூடு பொதுவா 60லருந்து 80 டிகிரி, கரண்ட் ஒரு சதுர டெசிமீட்டருக்கு 5-10 ஆம்பியர் மாதிரி. ஜாப்போட மேல்பரப்புலயே வாயுக் குமிழி கிளம்பி எண்ணெய், பஃபிங் சோப்பு, தூசி எல்லாத்தையும் தூக்கி எறியும். ஜாப்பை எதிர்மின்வாயா கட்டினா ஹைட்ரஜன், நேர்மின்வாயா கட்டினா ஆக்ஸிஜன். ஒரே கரண்டுக்கு ஹைட்ரஜன் ரெண்டு மடங்கு வரும், அதனால எதிர்மின்வாயாக் கட்டினா துலக்கறது வேகமா நடக்கும்.

சிக்கலே அங்கதான் ஆரம்பிக்குது. அந்தத் தொட்டித் தண்ணில ஏற்கெனவே துத்தநாகம், செம்பு எல்லாம் கரைஞ்சு கிடந்துச்சுன்னா அதுவும் ஜாப் மேலயே வந்து படியும், கெட்டியா இல்ல, விரல் வெச்சுத் தேய்ச்சா கருப்பா ஒட்டற பொடி. அது மேல நிக்கல் போட்டா கோட்டிங் உரிஞ்சுக்கிட்டு வரும். அதாவது ஜாப் மேல வந்த அழுக்கு முழுசாப் போயிருச்சு, ஆனா தொட்டிக்குள்ள இருந்தது வந்து ஒட்டிக்கிச்சு. இப்ப அந்தப் பையன்கிட்ட "மாசு இருக்கு"ன்னா அவன் என்ன பண்ணுவான்? இன்னும் ரெண்டு நிமிஷம் கூடப் போட்டு வைப்பான், படிவு இன்னும்தான் கூடும். கடைசிக் கட்டத்துல இரும்பு ஜாப்பை நேர்மின்வாயா மாத்திக் கட்டுறதுக்கு இந்தப் படிவும் ஒரு காரணம், ஹைட்ரஜன் உள்ள புகுந்து ஸ்பிரிங் மாதிரி கடினமான எஃகு ஒடியற அபாயம் இன்னொண்ணு.

குரோம் இன்னும் மோசம். ரேக்குக்கு (ஜாப்பை மாட்டித் தொங்கவிடற சட்டம்) பூசியிருக்கற பிளாஸ்டிக் கோட்டிங்ல சின்ன வெடிப்பு விட்டிருக்கும், குரோம் பாத்ல முங்கறப்ப அந்த வெடிப்புக்குள்ள குரோம் கரைசல் கொஞ்சம் புகுந்துக்கும், அப்புறம் எத்தனை ரின்ஸ் (தண்ணில அலசல்) குடுத்தாலும் முழுசா வெளிய வராது, அடுத்த ரவுண்டுல அதே ரேக் சூடான காஸ்டிக்ல இறங்கும்போது மெல்லக் கசியும். தொட்டி லேசா மஞ்சளாத் தெரிய ஆரம்பிச்சா அப்பவே சந்தேகப்படணும். இதுக்கு வைத்தியம் ஜாப்ல இல்ல, ரேக்லயும் தொட்டிலயும்தான்: சோடியம் ஹைட்ரோசல்ஃபைட் போட்டு ஆறு இணைதிற குரோமை மூணுக்கு இறக்கணும், ரேக்கை மறுபடி பூசணும். ஆசிட் டிப்ல இருந்து சரியா ரின்ஸ் ஆகாம வர்ற குளோரைடும் இப்படித்தான், அது ஏறிட்டா நேர்மின்வாயாக் கட்டின இரும்புல குழி குழியா அரிச்சிரும்.

> எண்ணெய் ஜாப்ல தானே வருது, அது எந்தக் கணக்கு?

தங்கச்சி கேட்டது நல்ல கேள்வி. ஜாப் மேல இருக்கற வரைக்கும் அது அழுக்கு, தொட்டிக்குள்ள போயிட்டா தொட்டி மாசு. காய்கறி எண்ணெய், விலங்குக் கொழுப்புன்னா காஸ்டிக்ல சோப்பா மாறிரும், மினரல் ஆயில் மாறாது, மேல மிதக்கும், ஜாப்பை வெளிய எடுக்கறப்ப அந்தப் படலத்தைக் கிழிச்சுக்கிட்டுதான் வரும், சுத்தமான ஜாப் மேல மறுபடி எண்ணெய் பூசிக்கும். ஆக பேரு பொருளுக்கு இல்ல, அது இருக்கற எடத்துக்கு. இதைத்தான் நான் வலியுறுத்தறேன்.

இனி சொல்லுக்கு வர்றேன். "கலப்படம்" வேண்டாம், அதுல வேணும்னே பண்ணின குத்தம் தொனிக்குது. "கசடு" அடியில தங்கற சேறுக்கு வேணும், அதை விட்டுக்குடுக்க முடியாது. "தூய்மைக்கேடு" நிலைமையைச் சொல்லுது, பொருளைச் சொல்லல. போன மடல்ல வந்த "சேர்மாசு" கேக்க நல்லா இருக்கு, ஆனா பள்ளிக்கூடப் புத்தகத்துல "சேர்மம்"னு வேற ஒண்ணைப் படிச்சுட்டு வர்ற பிள்ளைங்க குழம்பும்.

ஷாப்ல கேட்டுப் பாருங்க, "பாத்ல காப்பர் ஏறிப்போச்சு", "ஆயில் ஏறிருச்சு"ன்னுதான் சொல்லுவாங்க. அதனால "ஏறுமாசு". வினைத்தொகை, ஏறின, ஏறுற, ஏறப்போற மாசு மூணும் அடங்கும், கொஞ்சம் கொஞ்சமாச் சேர்றதும் அதுலயே இருக்கு. ஜாப் மேல இருக்கறது வெறும் "அழுக்கு", அதை மாத்த வேண்டாம். ஏறுமாசு திரும்ப ஜாப்ல ஒட்டறது "மறுபடிவு".

அண்ணன் எழுதின "நீர்ப்படலச் சோதனை"யையும் (ஜாப் மேல தண்ணி உடையாம ஒரே படலமா நின்னா சுத்தம்னு பாக்கறது) அப்படியே வெச்சுக்கலாம், ஆனா விளக்கத்துல ஒரு வரி சேக்கணும்: காஸ்டிக்ல இருந்து எடுத்த உடனே பாத்தா, ஒட்டியிருக்கற சோப்புச் சரக்கே தண்ணியை உடையாமப் பிடிச்சு வெச்சிரும், எண்ணெய் இருந்தாலும் தெரியாது. நீர்த்த ஆசிட்ல முக்கி ரின்ஸ் பண்ணின பிறகுதான் படலம் உடையுதான்னு பாக்கணும்.

"ஏறுமாசு"க்கு எதிர்ப்பு இருந்தா காரணத்தோட எழுதுங்க. பிளேட்டிங் பக்கம் இருக்கறவங்க "ஏறிப்போச்சு"ங்கறது உங்க ஊர்லயும் புழங்குதான்னு கட்டாயம் சொல்லுங்க, வேற சொல்லு புழக்கத்துல இருந்தா அதையே எடுத்துக்கலாம்.