ஜிஐஎல் இருக்கும்போது லாக் எதற்கு?

பழையபாம்பு:
நேற்று ஒருவர், "பைத்தானில் ஜிஐஎல் இருக்கிறது, ஒரு நேரத்தில் ஒரு த்ரெட்தான் ஓடும், கவுன்ட்டருக்கு லாக் போடுவது வெட்டி வேலை" என்று எழுதியிருந்தார். அதற்குப் பதினாறு லைக் வேறு. த்ரெட் என்றால் ஒரே நிரலுக்குள் தனித்தனியாக ஓடும் வேலை; லாக் என்றால் ஒன்று முடிக்கும்வரை மற்றதை நிறுத்தி வைக்கும் பூட்டு; ஜிஐஎல் என்பது பைத்தான் நிரலை ஓட்டும் இன்டர்பிரெட்டர் முழுவதற்கும் போட்ட ஒரே பூட்டு. கவுன்ட்டரில் ஒன்றைக் கூட்டும் எண் += 1 என்பது ஒரே வேலை இல்லை ஐயா. எடு, கூட்டு, திரும்ப வை. எடுத்ததற்கும் வைப்பதற்கும் நடுவில் இன்னொரு த்ரெட் புகுந்தால் கணக்கு போச்சு.

கயல்:
அந்த "ஒருவர்" நான்தான். பெயர் சொல்லியே திட்டலாம். பைத்தான் 3.12-இல் இரண்டு த்ரெட், ஆளுக்குப் பத்து லட்சம் முறை += 1. பத்துத் தடவை ஓட்டினேன், பத்துத் தடவையும் சுளையாக இருபது லட்சம். எது போச்சு?

பழையபாம்பு:
என் பழைய லேப்டாப்பில் 3.8. அதே நிரலுக்கு 14,37,206 வந்தது. தம்பி, 3.10-லிருந்து லூப் திரும்பும் இடத்திலும் ஃபங்ஷனைக் கூப்பிடும் இடத்திலும்தான் ஜிஐஎல்லை விடலாமா என்று இன்டர்பிரெட்டர் பார்க்கிறது. உங்கள் இருபது லட்சம் அந்தப் புண்ணியத்தில் வந்தது. += இன்ட்(1) என்று மாற்றி ஓட்டுங்கள்; இன்ட் ஒரு ஃபங்ஷன், எடுத்ததற்கும் வைப்பதற்கும் நடுவில் அதைக் கூப்பிட வேண்டும், அப்போது தெரியும்.

கயல்:
நான் தம்பி இல்லை. இன்ட்(1) என்று எந்தப் புத்திசாலி எழுதுவான்?

முருகு:
கவுன்ட்டர் யாருக்கு வேண்டும்? நானூறு பக்கம் இறக்க எட்டு நிமிடம் ஆனது, இருபது த்ரெட் போட்டதும் ஒரு நிமிடத்துக்குள் முடிந்தது. நெட்வொர்க்குக்குக் காத்திருக்கும்போது ஜிஐஎல்லை விட்டுவிடுகிறது, அவ்வளவுதான்.

செந்தமிழ்ச்சித்தன்:
'இழை' என்று அழகான சொல் இருக்க, எல்லோரும் ஏன் த்ரெட் த்ரெட் என்கிறீர்கள்?

பழையபாம்பு:
போன மாதம் ஸ்ட்ரிங்கை 'சரம்' என்றுதான் சொல்ல வேண்டும் என்று நாற்பது பதில் சண்டை போட்டவர் வந்துவிட்டார்.

கோப்பிரியன்:
கோ மொழிக்கு வாருங்கள், இந்தத் தலைவலியே இல்லை.

பழையபாம்பு:
கோ மொழியில் ரேஸே, அதாவது த்ரெட்கள் ஒன்றையொன்று முந்திக் கணக்கைக் கெடுப்பதே, வராதா? அப்புறம் எதற்கு ரேஸ் பிடிக்க என்றே ஒரு ஃபிளாக் வைத்திருக்கிறார்கள்? சரி, கயல், 2024 அக்டோபரில் 3.13-உடன் ஜிஐஎல் இல்லாத பில்டும் சோதனைக்கு வந்தது. 3.14-இல் அதை முறையாகவே ஆதரிக்கிறார்கள். லாக் இல்லாமல் உங்கள் இருபது லட்சத்தை அதில் ஓட்டிக் காட்டுங்கள். ஜிஐஎல் இருக்கும் பில்டில் சுமார் 5 மில்லிசெகண்டுக்கு ஒருமுறைதான் த்ரெட் மாறும். அப்படியிருந்தும் தப்பான இடத்தில் ஒரே ஒரு மாற்றம் விழுந்தால் ஆயிரக்கணக்கில் காணாமல் போகும். இன்ட்(1) போட்டீர்களா?

கயல்:
நான் பேசுவது 3.12 பற்றி. ஜிஐஎல் இல்லாததைக் கொண்டுவந்து, ஜிஐஎல் இருப்பதைப் பற்றிச் சொன்னது தப்பு என்கிறீர்கள். 2.7-இலிருந்து 3-க்கு மாறவே தேவையில்லை என்று அடம்பிடித்தவர் நீங்கள்தானே?

பழையபாம்பு:
அது வேறு கதை. இன்ட்(1)?

முருகு:
பத்து த்ரெட்டில் பிரின்ட் போட்டால் இரண்டு வரி ஒட்டிக்கொண்டு, கீழே ஒரு வெற்று வரி வருகிறது. அதுவும் இதுதானா?

கயல்:
சுளையாக இருபது லட்சம். ஸ்கிரீன்ஷாட் போட்டிருக்கிறேன்.

பழையபாம்பு:
ஸ்கிரீன்ஷாட்டில் இன்ட்(1) இல்லையே.