23 கிலோ யாருக்கு, எங்கே, எப்படி?

நெம்புகோல்: பணிப் பாதுகாப்புப் பயிற்சியாளரான தராசுமுள் அவர்கள் நேற்று, "23 கிலோ வரை எவரும் அச்சமின்றித் தூக்கலாம், முழங்காலை மடக்கினால் போதும்" என்று எழுதியிருந்தார். அதைப் படித்ததிலிருந்து எனக்கு எரிச்சல் அடங்கவில்லை. அமெரிக்காவின் பணிப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ், எவ்வளவு சுமையைத் தூக்கலாம் என்று கணக்கிட 1991இல் திருத்திய சமன்பாட்டில் 23 என்பது கணக்கைத் தொடங்கும் எண். சுமை கணுக்காலிலிருந்து 25 செ.மீ.க்குள், தரையிலிருந்து 75 செ.மீ. உயரத்தில், நல்ல பிடியுடன் இருந்து, உடலைத் திருப்பாமல், எப்போதாவது சிறிதளவு உயர்த்தினால் மட்டுமே அந்த 23 குறையாமல் மிஞ்சும்.

தராசுமுள்: மூலத்தில் 23 என்றுதானே இருக்கிறது? 23ஐ 23 என்று எழுதியதற்கு நான் மன்னிப்புக் கேட்க வேண்டுமா? பதினான்கு ஆண்டுகளாகப் பயிற்சி அளிக்கிறேன்; தாங்கள் எத்தனை பேருக்குக் கற்பித்திருக்கிறீர்கள்?

நெம்புகோல்: கற்பித்த தலைகளை எண்ணினால் சுமை இலேசாகிவிடாது. தரையில் கிடக்கும் பெட்டியைக் கணுக்காலுக்கு 50 செ.மீ. முன்னே பிடித்து 75 செ.மீ. உயர்த்துவதாக வையுங்கள். சமன்பாட்டின்படி தொலைவுக்கு 0.5, தொடக்க உயரத்துக்கு 0.775, உயர்த்தும் அளவுக்கு 0.88 எனப் பெருக்கினால் 23 கிலோ 7.8 ஆகச் சுருங்குகிறது. முதுகுத் தசை, முதுகெலும்புகளுக்கு நடுவே மெத்தைபோல் இருக்கும் இடைத்தட்டிலிருந்து ஏறத்தாழ 5 செ.மீ. தள்ளி நின்றுதான் இழுக்கிறது. அதைப் போலப் பத்து மடங்கு தொலைவில் இருக்கும் சுமையைச் சமாளிக்க அது சுமையைப் போலப் பத்து மடங்கு விசை கொடுக்க வேண்டியிருக்கிறது, அந்த விசை முழுவதும் இடைத்தட்டைத்தான் அழுத்துகிறது.

சொல்லாய்வு: "பாதுகாப்பு" என்று இருவரும் எதைச் சொல்கிறீர்கள்? இடைத்தட்டின் மீதான அழுத்தம் நியோஷ் வரம்பாக வைத்த 3400 நியூட்டனைத் தாண்டாமையா, வலி வராமையா, விடுப்பு எடுக்காமையா? முதலில் அதை வரையறுத்துக்கொண்டால் நல்லது.

தராசுமுள்: ஐயா, வரையறை பிறகு இருக்கட்டும். எண் 23தானா, இல்லையா?

கிடங்குக்காரன்: மூட்டை தூக்குகிறவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். மூட்டைக்குக் கைப்பிடி கிடையாது. தூக்கினால் நடுவில் தொங்கும். அகலமான மூட்டையின் முன் முழங்காலை மடக்கி உட்கார்ந்தால் முழங்காலே குறுக்கே நின்று சுமையை முன்னே தள்ளிவிடுகிறது. சுவரொட்டியில் சிரித்துக்கொண்டு தூக்குபவர் கையில் இருப்பது எப்போதும் சின்னஞ்சிறு அட்டைப்பெட்டி.

நெம்புகோல்: இதைத்தான் சொல்ல வந்தேன். சுமையை இரு முழங்கால்களுக்கும் இடையே கொண்டுவர முடியாவிட்டால் மடக்கியும் பெரிதாகப் பயனில்லை.

தராசுமுள்: முழங்காலை மடக்காதே என்று தொழிலாளிகளைத் தூண்டுகிறீர்கள். நாளை எவருக்காவது இடுப்புப் பிடித்தால் தாங்கள்தான் பொறுப்பு. எங்கள் ஆட்கள் இடுப்புப் பட்டையும் அணிகிறார்கள் என்பதையும் சேர்த்துக் கொள்ளுங்கள்.

நெம்புகோல்: பட்டையா! காயமில்லாத தொழிலாளியைப் பட்டை காப்பாற்றும் என்பதற்குப் போதிய சான்று இல்லை என்று 1994இலேயே சொன்னது தாங்கள் 23க்குச் சாட்சியாக இழுக்கும் அதே நியோஷ்தான். ஒரே நிறுவனத்திடமிருந்து எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு எச்சரிக்கையை எறிந்துவிடும் இந்தப் பழக்கத்தை, முன்பு நமக்குள் நடந்த நாற்காலி விவாதத்திலும் பார்த்தேன். 90 பாகையில் விறைத்து உட்காரச் சொன்னதை இன்றுவரை தாங்கள் திருத்தவில்லை.

தராசுமுள்: நாற்காலியை ஏன் இங்கே இழுக்கிறீர்கள்? அன்று தாங்கள்தான் பதில் சொல்லாமல் நழுவினீர்கள்.

கிடங்குக்காரன்: 1967இல் ஐ.எல்.ஓ. எனும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் பரிந்துரை, ஆண் தொழிலாளி சுமக்கும் எடை 55 கிலோவுக்கு மேல் இருந்தால் அதை 55க்காவது குறைக்கச் சொன்னது. 23க்கு இங்கே சண்டை. என் தோளில் இன்னும் 50 கிலோ.

நெம்புகோல்: தங்கள் வலி புரிகிறது, ஆனால் அது வேறு கணக்கு. தராசுமுள் அவர்களே, சுவரொட்டியில் கைக்கும் கணுக்காலுக்கும் இடையே எத்தனை செ.மீ. என்று எங்காவது அச்சிட்டிருக்கிறீர்களா?

தராசுமுள்: கணுக்காலிலிருந்து ஏன் அளக்க வேண்டும்? கால்விரல் நுனியிலிருந்து அளந்தால் தாங்கள் சொல்லும் 50 எவ்வளவோ குறைந்துவிடும்.

நெம்புகோல்: இரு கணுக்கால்களின் நடுப்புள்ளியிலிருந்து அளப்பதுதான் முறை. சமன்பாட்டை இன்னும் திறந்தே பார்க்கவில்லை என்று இப்போது தெரிந்துவிட்டது.

தராசுமுள்: திறந்து பார்த்தேன். அதில் 23 என்றுதான் இருக்கிறது.