தேயிலை மலைகளில் சிறுத்தை ஏன் அருகி வருகிறது?

கேள்வி (ஆசிரியை, பொகவந்தலாவை)
எட்டாம் தரத்துக்கு விஞ்ஞானம் கற்பிக்கிறேன். அருகிவரும் உயிரினங்களைப் பற்றிய பாடத்தில் சிறுத்தையைக் குறிப்பிட்டதும் ஒரு மாணவன் எழுந்து, "டீச்சர், போன கிழமைதான் எங்கள் லயத்து நாயைப் புலி தூக்கிச் சென்றது. அருகிப்போன மிருகம் வாசலுக்கு எப்படி வருகிறது?" என்று கேட்டான். 'காடழிப்பு, வேட்டை' என்ற இரு சொற்களைத் தாண்டி என்னால் விளக்க முடியவில்லை. அறிந்தவர்கள் உதவ வேண்டும்.

பதில் 1 (ஓய்வுபெற்ற வெளிக்கள உத்தியோகத்தர், மஸ்கெலியா)
வணக்கம் டீச்சர். வாசலுக்கு வருவதற்கும் குறைந்துபோவதற்கும் காரணம் ஒன்றே. அதற்கு இடம் போதவில்லை. கோப்பிக்காக வெட்டப்பட்ட காடு, 1869இல் இலைத்துரு நோய் வந்து கோப்பி அழியத் தொடங்கிய பின், தேயிலையாகவே நிலைத்துவிட்டது. மலையுச்சியிலும் ஓடைக்கரையிலும் எஞ்சிய காட்டுத் துண்டுகளுக்கிடையே சிறுத்தை இரவில் தேயிலைக்குள்ளால்தான் நடக்கிறது.

அந்த வழியில்தான் கம்பிச் சுருக்கு காத்திருக்கிறது. பன்றிக்காக, பழைய பிரேக் கம்பியை வளையமாக்கித் தேயிலைத் தூரில் கட்டிவிடுவார்கள். சிறுத்தையின் தலையும் முன்கால்களும் நுழைந்தபின் வளையம் இடுப்பில் இறுகும்; இழுக்க இழுக்கக் கம்பி சதைக்குள் இறங்கும். நான் பார்த்த ஒன்று, சுற்றியிருந்த மண்ணையெல்லாம் நகங்களால் உழுதுவிட்டுக் கிடந்தது. 2020 மே மாதம் நல்லதண்ணியில் சுருக்கில் அகப்பட்ட அரிய கருஞ்சிறுத்தையும் உடவளவையில் சிகிச்சை பலனின்றி இறந்தது.

பதில் 2 (லயத்தில் வசிப்பவர், நோர்வூட்)
ஐயா சொல்வது உண்மை. ஆனால் கம்பி கட்டுபவனின் நிலையையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள், டீச்சர். கடன் வாங்கி நட்ட எங்கள் உருளைக்கிழங்குப் பாத்தியைப் பன்றிகள் ஒரே இரவில் கிளறிவிட்டன. முறையிட்டும் ஒருவரும் வந்து பார்க்கவில்லை. அந்த ஆத்திரத்தில்தான் கம்பி கட்டப்படுகிறது. நாங்கள் பாத்தியைச் சுற்றித் தகரம் அடித்தோம். செலவுதான், ஆனாலும் பலன் தந்தது. கோழிக்குடலையும் சோற்றையும் லயத்துக்குப் பின்னால் கொட்டுவதையும் நிறுத்தினோம், ஏனெனில் கழிவுக்கு நாய் வருகிறது, நாய்க்குச் சிறுத்தை வருகிறது. இரவில் நாய்களை உள்ளே கட்டுகிறோம்.

பதில் 3 (பல்கலைக்கழக மாணவி, ஹட்டன்)
ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். சிறுத்தையாவது தேயிலையைக் கடந்து நடக்கும். ஹோர்ட்டன் சமவெளியின் தேவாங்கு தாவாமல், கிளைக்குக் கிளை பற்றி நகர்ந்தே வாழ்வதால், மரத்தொடர் அறுந்த இடத்தில் அதன் உலகமும் முடிந்துவிடுகிறது. ஆகவே, ஓடைக்கரை மரங்களைக் காப்பதும் தேயிலைக்கு நடுவே மரத்தொடரை மீண்டும் உண்டாக்குவதும் இரண்டுக்குமே உதவும்.

சுருக்கில் சிறுத்தையைக் கண்டால் கூட்டம் கூடக் கூடாது. மிரண்டு இழுக்கும்போதுதான் காயம் ஆழமாகிறது. விலகி நின்று, வனஜீவராசிகள் திணைக்களத்தின் 1992 இலக்கத்துக்கு உடனே அறிவிக்க வேண்டும்.

ஆசிரியை
மூவருக்கும் நன்றி. திங்கட்கிழமை அந்த மாணவனிடம், அவனுடைய லயத்துக்குப் பின்னால் கழிவு எங்கே கொட்டப்படுகிறது என்று முதலில் கேட்கப்போகிறேன்.