9100, 515, 631, 161: ஆபீஸ் பிரிண்டர் போர்ட்டில் மாட்டிய அனுபவங்களைச் சொல்லுங்கள் (போர்ட் என்றால் நெட்வொர்க்கில் ஒரு சர்வீஸின் வாசல் எண். 9100 நேரடி அச்சு, 515 எல்பிடி என்ற பழைய அச்சு முறை, 631 ஐபிபி என்ற புதிய அச்சு முறை, 161 பிரிண்டரின் நிலையைக் கேட்கும் எஸ்என்எம்பி)

கிண்டி நெட்வொர்க்:

ஒரு பைனான்ஸ் கம்பெனி. செக்யூரிட்டி ஆடிட்டுக்காக ராத்திரியில் ஸ்கேன் ஓட விட்டிருந்தார்கள். சர்வர், சுவிட்ச், பிரிண்டர் எல்லாம் ஒரே சப்நெட், அதாவது நெட்வொர்க்கின் ஒரே பிரிவு. நடுராத்திரி வாட்ச்மேன் போன் பண்ணுகிறார்: "சார், ஆளே இல்ல, மாடியில மிஷின் எல்லாம் தானா ஓடுது."

போய்ப் பார்த்தால் தரையெல்லாம் தாள். ஒவ்வொரு தாளிலும் மேல் ஓரத்தில் ஒரே ஒரு வரி, மீதி வெள்ளை. ஒன்றில் 'கெட்', ஒரு சாய்கோடு, 'ஹெச்டிடிபி 1.0'. இன்னொன்றில் புரியாத மூன்று நான்கு குறிகள். ஒரு தாளில் 'ஹெல்ப்' என்று மட்டும். வாட்ச்மேன் அதைக் கையில் பிடித்துக்கொண்டு, "உள்ள யாராவது மாட்டிக்கிட்டாங்களா சார்?" என்று கேட்டார். அவர் முகம் இன்னும் மறக்கவில்லை.

திறந்திருக்கும் போர்ட் ஒவ்வொன்றிலும் ஸ்கேனர் ஏதாவது ஒரு வார்த்தை அனுப்பி, பதிலை வைத்து உள்ளே என்ன சர்வீஸ் ஓடுகிறது என்று கண்டுபிடிக்கும். 9100 போர்ட் யார் அனுப்பினது என்று கேட்பதில்லை, பாஸ்வேர்ட் கேட்பதில்லை, வந்ததை அப்படியே அச்சடித்துத் தள்ளும். என்மேப் என்ற ஸ்கேனரைச் செய்தவர்களுக்கு இது தெரியும். அதனால்தான் வெர்ஷன் பார்க்கும்போது 9100 முதல் 9107 வரை அது தொடுவதே இல்லை. அன்றைக்கு ஓடிய ஸ்கேனரில் அப்படி எந்த விலக்கும் போட்டிருக்கவில்லை.

என்னைக் கேட்டால் 9100ஐ மூடிவிடுவதே நல்லது.

வைகைக்கரை:

ஆபீஸ் இல்லை, ஹோட்டல். ஆனால் விஷயம் அதே 9100தான். கிச்சன் பிரிண்டர் எல்லாமே அதில்தான் ஓடுகிறது.

ஞாயிற்றுக்கிழமை ராத்திரி, டிபன் நேரம். ஹால் நிறைய ஆள். கேப்டன்கள் டேப்லெட்டில் ஆர்டர் போட்டுக்கொண்டே இருக்கிறார்கள். தோசைக்கல் பக்கம் இருந்த பிரிண்டர் மட்டும் கம்மென்று இருந்தது. பிங் போகிறது, பேப்பர் ரோல் இருக்கிறது, விளக்கு எரிகிறது. தோசை மாஸ்டர் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு, "என்ன தம்பி, இன்னிக்கு ஆர்டரே இல்லையா?" என்கிறார். வெளியே ஒருத்தர் முக்கால் மணி நேரமாக நெய் ரோஸ்ட்டுக்குக் காத்திருந்து கத்திக்கொண்டிருக்கிறார்.

அந்த மாடல் ஒரு நேரத்தில் ஒரு இணைப்பைத்தான் எடுக்கும். ஒரு டேப்லெட் பாதியில் வைஃபை விட்டுப்போய், இணைப்பை மூடாமலே கிடந்தது. மற்ற டேப்லெட் எல்லாம் அதன் பின்னால் வரிசை கட்டி நின்றன. பிரிண்டரை ஒருமுறை அணைத்துப் போட்டதும் அத்தனை ஆர்டரும் ஒரே மூச்சில் வந்தன. துண்டுச் சீட்டு தோசைக்கல் மேடையிலிருந்து தரை வரை தொங்கியது. மாஸ்டர் அதை இழுத்துப் பார்த்துவிட்டு ஒரு வார்த்தை பேசவில்லை, மாவை எடுத்து ஊற்ற ஆரம்பித்தார்.

அதற்கப்புறம் டேப்லெட் எதுவும் பிரிண்டருக்கு நேராகப் போகக் கூடாது என்று வைத்தோம். பில்லிங் கம்ப்யூட்டர் மட்டும்தான் 9100ஐத் தொடும்.

ஆவடி அட்மின்:

கிண்டி சார் சொன்ன கடைசி வரியை என்னால் ஏற்க முடியவில்லை. 9100ஐ மூடிவிட்டால் எதில் அச்சடிப்பது? லேபிள் பிரிண்டர், பார்கோடு பிரிண்டர், கிச்சன் பிரிண்டர், பழைய லேசர், பாதிக்கு மேல் அதை நம்பித்தான் ஓடுகிறது. பிரிண்டரை நெட்வொர்க்கில் மாட்டுகிற ஹெச்பி ஜெட்டைரக்ட் பெட்டியின் காலத்திலிருந்து இருக்கிற வழக்கம். மூன்று பிரிண்டர் மாட்டுகிற ஜெட்டைரக்ட் பெட்டியில் 9100, 9101, 9102 என்று ஆளுக்கொரு போர்ட். இன்றைக்குப் பெட்டி போய்விட்டது, எண் மட்டும் நிலைத்துவிட்டது.

என் கதை சின்னது. ஒரு கிளையண்ட் ஆபீஸில், ரவுட்டரில் போர்ட் ஃபார்வர்ட் போட்டு 9100ஐ வெளி இன்டர்நெட்டுக்கே திறந்து வைத்திருந்தார்கள், வீட்டிலிருந்து அச்சடிக்க வசதியாம். 2018 நவம்பரில் அதில் ஒரு யூடியூப் சேனலுக்கு சப்ஸ்கிரைப் பண்ணச் சொல்லி ஒரு தாள் வந்து விழுந்தது. உலகம் முழுக்க சுமார் 50,000 பிரிண்டருக்கு அனுப்பியதாக அனுப்பின ஆளே சொன்னார். 2017 பிப்ரவரியில் இன்னொருவர் இதே வேலையை ஒன்றரை லட்சம் பிரிண்டரில் செய்ததாகச் சொன்னார். திறந்து கிடந்தது எல்லாம் இதே மாதிரி போர்ட்கள்தான்.

ஆகவே மூடுவது பதில் இல்லை, யாருக்குத் திறக்கிறோம் என்பதுதான் கேள்வி. பிரிண்டர்களைத் தனி விலேனில், அதாவது நெட்வொர்க்கின் தனிப் பிரிவில் போடுங்கள். 9100, 515, 631 மூன்றும் பிரிண்ட் சர்வரின் ஐபியிலிருந்து மட்டும் வரட்டும். 161 யூடிபியும் சர்வருக்கு மட்டும். பிரிண்டரின் வெப் பக்கம், அதாவது 80, 443, அட்மின் கம்ப்யூட்டருக்கு மட்டும். எஃப்டிபி 21, டெல்நெட் 23 ரெண்டையும் பிரிண்டர் செட்டிங்கிலேயே அணைத்துவிடுங்கள். பல பிரிண்டர்களில் எஃப்டிபியில் ஒரு ஃபைலைப் போட்டாலே அச்சாகும் என்பது நிறையப் பேருக்குத் தெரியாது. ஃபயர்வால் இல்லாத சின்ன ஆபீஸ் என்றால், பிரிண்டரிலேயே அனுமதித்த ஐபி பட்டியல் என்று ஒன்று இருக்கும், அதையாவது நிரப்புங்கள். ஐபியை, அதைப் பங்கிட்டுக் கொடுக்கிற டிஹெச்சிபியில் ரிசர்வ் பண்ணுங்கள். இல்லாவிட்டால் ஒருநாள் கரண்ட் போய் வந்ததும் அக்கவுண்ட்ஸ் பிரிண்டரின் ஐபி ஹெச்ஆர் பிரிண்டருக்குப் போய், சம்பள விவரம் வேறு மேஜையில் வந்து விழும். அட்மின் பாஸ்வேர்டை மாற்றுங்கள். 161இல் பாஸ்வேர்ட் மாதிரி வேலை செய்யும் எஸ்என்எம்பி கம்யூனிட்டி பெயர் 'பப்ளிக்' என்றே இருந்தால் அதையும் மாற்றுங்கள்.

மலைக்கோட்டை:

ஆவடி சார், அந்தக் கடைசி வரியைச் செய்பவர்கள் சர்வரிலும் சேர்த்து மாற்ற வேண்டும். எங்களுக்கு நடந்தது அதற்குப் பக்கத்து விஷயம்.

ஒரு ஆஸ்பத்திரியில் ஐடி பார்க்கிறேன். ராத்திரி ஃபயர்வால் மாற்றினார்கள். 9100க்கு ரூல் இருந்தது, 161க்கு யாரும் எழுதவில்லை. காலையில் டிஸ்சார்ஜ் கவுண்டரில் எல்லாப் பிரிண்டரும் ஆஃப்லைன்.

நான் கவுண்டருக்கு ஓடினேன். பிரிண்டரில் பச்சை விளக்கு, ஸ்கிரீனில் 'ரெடி'. ஒரு முழம் தள்ளி மானிட்டரில் அதே பிரிண்டர் மங்கிப்போய் 'ஆஃப்லைன்'. கவுண்டருக்கு அந்தப் பக்கம் ஒரு அம்மா, பிறந்த குழந்தை கையில். அவர் வீட்டுக்காரர் வாசலில் ஆட்டோவை நிறுத்தி வைத்துவிட்டு வந்து வந்து பார்க்கிறார். "பேப்பர் மட்டும்தானே அம்மா, கையில எழுதிக் கொடுக்க மாட்டீங்களா?" என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை.

விண்டோஸ் ஸ்டாண்டர்ட் டிசிபி ஐபி போர்ட்டில், கன்பிகர் போர்ட்டுக்குள் எஸ்என்எம்பி ஸ்டேட்டஸ் என்று ஒரு டிக் இருக்கும். அது இருந்தால் சர்வர் 161இல் பிரிண்டரிடம் நலம் விசாரிக்கும். பதில் வரவில்லையென்றால் ஆஃப்லைன் என்று முடிவுகட்டி க்யூவை நிறுத்திவிடும், 9100 நன்றாக இருந்தாலும் சரி. டிக்கை எடுத்ததும் க்யூவில் இருந்ததெல்லாம் வந்துவிட்டது. சாயந்திரம் 161க்கு ரூல் போட்டு டிக்கைத் திரும்ப வைத்தோம். டோனர் தீர்வது தெரிய அது வேண்டும்.

நொய்யல்:

எல்லோரும் 9100 பற்றியே பேசுகிறீர்கள். 515 பட்டவர்கள் யாரும் இல்லையா?

திருப்பூரில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனி, ரொம்ப வருஷத்துக்கு முன்னால். பில்லிங் மிஷினிலிருந்து 515க்கு ஜாப் அனுப்புகிற எல்பிஆர் மூலம் பேக்கிங் செக்ஷன் பிரிண்டருக்கு பேக்கிங் லிஸ்ட் போகும். சின்னச் சின்ன ஜாப், ஒன்றுக்கு ஒரு தாள். கண்டெய்னர் ஏற்றும் நாளில் மட்டும் தகராறு. பதினொரு தாள் கடகடவென்று வரும், நிற்கும். சில நிமிஷம் ஒன்றும் இருக்காது. அப்புறம் பதினொரு தாள். மறுபடி நிற்கும். பிரிண்டரை மாற்றினார்கள், கேபிளை மாற்றினார்கள், ஸ்விட்சை மாற்றினார்கள். நின்றது நின்றதுதான். லாரி டிரைவர் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு பிரிண்டரையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

நான் தரையில் தாளை அடுக்கி வைத்து எண்ணினேன். ஒவ்வொரு கட்டும் பதினொன்று. அப்போதுதான் பொறி தட்டியது. 515இல் ஓடுகிற எல்பிடி முறையை விளக்கும் இன்டர்நெட் ஆவணமான ஆர்எஃப்சி 1179, 1990இல் வந்தது. அனுப்புகிற பக்கத்து போர்ட் 721 முதல் 731க்குள் இருக்க வேண்டும் என்று அதில் எழுதியிருக்கிறது. எண்ணிப் பாருங்கள், பதினொன்றுதான். அந்த எல்பிஆர் சாஃப்ட்வேர் அதை அட்சரம் பிசகாமல் கடைப்பிடித்தது. ஒரு ஜாப் முடிந்த பிறகும் டிசிபி அந்தப் போர்ட்டை டைம் வெயிட் என்ற காத்திருப்பு நிலையில் கொஞ்ச நேரம் பிடித்து வைத்திருக்கும். பதினொன்றும் தீர்ந்தால், முதலாவது விடுபடும் வரை காத்திருக்க வேண்டியதுதான். அந்த வரம்பைத் தளர்த்துகிற ஆப்ஷன் சாஃப்ட்வேரிலேயே இருந்தது. அதைப் போட்டதும் தொடர்ச்சியாக வந்தது.

ஆவடி அட்மின்:

நல்ல அனுபவம் சார். ஆனால் இப்போது யார் 515 பயன்படுத்துகிறார்கள்? அணைத்துவிடலாம்.

நொய்யல்:

எஸ்ஏபி என்ற நிர்வாக சாஃப்ட்வேர் இருக்கிற கம்பெனிக்குள் போய் அணைத்துப் பாருங்கள் தம்பி. அங்கே சர்வரிலிருந்து எல்பிடி வழியாகப் போகிற பிரிண்டர் இன்னும் ஏகப்பட்டது. எது ஓடுகிறது என்று லாகில் ஒரு மாசம் பார்த்துவிட்டு, அப்புறம் கை வையுங்கள். மாசக் கடைசியில் மட்டும் ஓடுகிற ஜாபும் இருக்கும்.

சிங்கை வாசி:

9100இல் எனக்கு இருக்கிற கோபம் வேறு. அது பொய் சொல்லும்.

இங்கே ஒரு வக்கீல் ஆபீஸ். தடிமனான ஒப்பந்தம், மாலை ஐந்து மணிக்குள் எதிர்த்தரப்புக்குப் போக வேண்டும். கூரியர் ஆள் ஹெல்மெட்டைக் கழற்றாமல் வாசலில் நிற்கிறார். சர்வரில் ஜாப் முடிந்தது, க்யூ காலி. உதவியாளர் கட்டை எடுத்து உறையில் போடப் போனவர், பழக்கத்தில் கடைசித் தாளைத் திருப்பினார். கையெழுத்துப் பக்கம் இல்லை. பிரிண்டர் உள்ளே தாள் சிக்கி, கடைசிப் பக்கங்கள் அதன் மெமரியிலேயே நின்றுவிட்டன. டேட்டா பிரிண்டருக்குப் போய்ச் சேர்ந்ததோடு சர்வரின் கணக்கு தீர்ந்தது. தாள் வெளியே வந்ததா என்று அது கேட்கவே இல்லை.

அந்த ஆபீஸை 631க்கு, ஐபிபிக்கு மாற்றினோம். ஜாப் எந்த நிலையில் இருக்கிறது, தாள் சிக்கியதா, தட்டு காலியா என்று பிரிண்டரே திருப்பிச் சொல்கிறது. டிஎல்எஸ் போட்டு மறைத்தும் அனுப்பலாம். வக்கீல் ஆபீஸுக்கு அது சின்ன விஷயம் இல்லை. 9100இல் போகிற தாளை, நடுவில் நெட்வொர்க் டேட்டாவைக் கேப்சர் செய்கிறவர் படித்துவிடலாம்.

ஆவடி அட்மின்:

9100இலும் பிஜேஎல் என்ற பிரிண்டர் கட்டளை மொழி மூலம் பக்க நிலவரம் கேட்கலாம் சார். இருவழிப் போக்குவரத்து அதில் உண்டு.

சிங்கை வாசி:

உண்டு. டிரைவர் கேட்டால்தான் உண்டு. உங்கள் ஆபீஸில் எத்தனை டிரைவர் கேட்கிறது என்று பாருங்கள்.

இன்னொன்று, 631 என்றால், இணைப்பு ஏற்படுத்திப் பேசும் டிசிபி வேறு, இணைப்பு இல்லாமல் அனுப்பும் யூடிபி வேறு. 2024 செப்டம்பரில் லினக்ஸ் அச்சு சாஃப்ட்வேரான கப்ஸ் பற்றி வந்த பாதுகாப்பு எச்சரிக்கையைப் படித்துவிட்டு ஒரு நண்பர் 631ஐ மொத்தமாக அடைத்து, அச்சே நின்றுபோனது. அந்தப் பிரச்சினை, பிரிண்டர் தேடுகிற கப்ஸ் பிரவுஸ்டு சர்வீஸ் கேட்டுக்கொண்டிருந்த 631 யூடிபியில். அந்தச் சர்வீஸ் தேவையில்லையென்றால் நிறுத்தி, யூடிபியை மட்டும் அடைத்தால் போதும்.

கிண்டி நெட்வொர்க்:

ஆவடி, நான் மூடச் சொன்னது யூசர் பக்கம்தான். சர்வருக்குத் திறந்திருக்கட்டும், அதில் சண்டை இல்லை. ஆனால் ஆடிட் ஸ்கேன் பெரும்பாலும் சர்வர் சப்நெட்டிலிருந்துதான் ஓடும். நீங்கள் சொன்ன ரூல் அங்கே எந்த இடத்தில் எழுதப்படுகிறது என்பதைப் பொறுத்து, அதே தாள் மறுபடி தரையில் விழலாம். ஸ்கேனரிலும் பிரிண்டர் ஐபிகளை விலக்கி வையுங்கள்.

தாம்பரம் மெயில்:

பிரிண்டர் வரைக்கும் எல்லோரும் சொல்லிவிட்டீர்கள். நான் மாட்டியது யூசர் கம்ப்யூட்டருக்கும் பிரிண்ட் சர்வருக்கும் நடுவில்.

பிராஞ்ச் ஆபீஸில் கம்ப்யூட்டர்களை விண்டோஸ் 11க்கு மாற்றினோம். பழைய கம்ப்யூட்டரில் ஹெட் ஆபீஸ் சர்வரின் பிரிண்டர் வருகிறது, புதியதில் வரவில்லை. ஃபயர்வாலில் ஃபைல் ஷேருக்கான 445 திறந்திருக்கிறது, எந்த சர்வீஸ் எந்த போர்ட்டில் என்று சொல்லும் 135 திறந்திருக்கிறது. ஃபைல் ஷேர் திறக்கிறது, பிரிண்டர் மட்டும் இல்லை. ஃபயர்வால் டீம் ஆளோடு போனில் இருந்தேன். நான் ஒவ்வொரு முறை கனெக்ட் அமுக்கும்போதும் அவர் லாகில் பிளாக் ஆன எண்ணை வாசிக்கிறார். 49 ஆயிரத்துச் சொச்சம் ஒரு எண். சர்வரை ரீஸ்டார்ட் செய்துவிட்டு வந்தால் வேறு எண். "சார், நீங்க எந்த போர்ட் கேக்கறீங்கன்னு முதல்ல முடிவு பண்ணுங்க" என்றார், கோபமாகவே.

22ஹெச்2 வெர்ஷனிலிருந்து அச்சு வேலைகளைக் கவனிக்கும் பிரிண்ட் ஸ்பூலரின் பேச்சுவார்த்தை டிசிபி மேல் ஆர்பிசியாக, அதாவது இன்னொரு கம்ப்யூட்டரில் வேலை கேட்கும் முறையில், போகிறது. முன்பு 445க்குள்ளேயே நேம்ட் பைப் என்ற உள்வழியில் போய்விடும். இப்போது 135இல் விசாரித்துவிட்டு, 49152 முதல் 65535க்குள் ஏதாவது ஒன்றில் போய்ப் பேசும். அவ்வளவு பெரிய வரம்பைத் திறந்துவிட எந்த ஃபயர்வால்காரரும் ஒத்துக்கொள்ள மாட்டார், ஒத்துக்கொள்ளவும் கூடாது. குரூப் பாலிசியில் பிரிண்டர் பகுதியில் ஆர்பிசி டிசிபி போர்ட்டை நாமே ஒரு எண்ணாகக் கட்டிப்போட ஒரு செட்டிங் இருக்கிறது. அதைப் போட்டு, அந்த ஒரு எண்ணுக்கு மட்டும் ரூல் வாங்கினேன்.

மலைக்கோட்டை:

அந்த பாலிசி சர்வரிலா, கிளையண்டிலா சார்? எங்களுக்கும் அடுத்த மாதம் மாற்றம் வருகிறது.

தாம்பரம் மெயில்:

இரண்டிலும் மேடம், ஒரே எண். போட்ட பிறகு சர்வரில் ஸ்பூலரை ரீஸ்டார்ட் செய்ய வேண்டும், அதனால் ஓபி நேரம் முடிந்த பிறகு செய்யுங்கள். 135ஐ அப்படியே விட்டுவிட்டோம்.