ஓ பாசிட்டிவ் பேக் ஒண்ணு கூட மேட்ச் ஆகல, இது பாம்பே குரூப்பா?

கேள்வி:
அக்காவுக்கு ஆபரேஷன், ரத்தம் ரெடி பண்ணி வைக்கச் சொன்னாங்க. கார்டுல ஓ பாசிட்டிவ்னு தான் இருக்கு, ஆனா பிளட் பேங்க்ல எடுத்த ஒரு பேக் கூட கிராஸ்மேட்ச்ல (பேக் ரத்தத்த அவ ரத்தத்தோட சேத்துப் பாக்கற டெஸ்ட்) ஒத்து வரல. பாம்பே குரூப்பா இருக்கும்னு ஒருத்தர் சொல்லி பீதிய கிளப்பிட்டாரு. இதுவரைக்கும் அவளுக்கு ரத்தமே ஏத்தினதில்ல, ரெண்டு பிரசவம் மட்டும் தான். ஓ நெகட்டிவ் குடுத்தா ஆகாதா, அது எல்லாருக்கும் சேரும்னு தானே சொல்றாங்க?

பதில் 1:
லேப்ல இருக்கேன். பாம்பேவா இல்லையானு சீக்கிரமே தெரிஞ்சிடும். பாம்பே குரூப்காரங்க செல்லுல ஹெச் ஆன்டிஜெனே (செல் மேல இருக்கற ஒரு அடையாளம்) இருக்காது, அதனால சாதா டெஸ்ட்ல ஓ மாதிரியே காட்டும், ஆனா அவங்க சீரத்துல (ரத்தத்துல செல்ல எடுத்துட்டா மிஞ்சற திரவம்) ஓ செல்ல போட்டா கட்டி கட்டியா ஒட்டிக்கும், ஏன்னா ஹெச் அதிகமா இருக்கறதே ஓ செல்லுல தான். 1952ல பாம்பேல கண்டுபிடிச்சது, பேரு அப்படியே நின்னுடுச்சு. ரிவர்ஸ் குரூப்பிங்ல (குரூப் தெரிஞ்ச செல்ல சீரத்துல போட்டு பாக்கற டெஸ்ட்) ஓ செல் போட்டாங்களா, ஹெச்ச எதிர்க்கற ஆன்டி ஹெச் போட்டுப் பாத்தாங்களானு கேளுங்க.

பதில் 2:
எனக்கென்னமோ அந்த ரெண்டு பிரசவம் தான் இடிக்குது. குழந்தையோட செல் கொஞ்சம் அம்மா ரத்தத்துல கலக்கும், அதுல அம்மாகிட்ட இல்லாத ஆன்டிஜென் இருந்தா அத எதிர்க்கற ஆன்டிபாடி வந்துடலாம், ரத்தம் ஏத்தியிருக்கணும்னே இல்ல. ஓ நெகட்டிவ் எல்லாருக்கும் சேரும்ங்கறது ஏ, பி, டி (பாசிட்டிவ், நெகட்டிவ்னு சொல்றது இத வச்சு தான்) வரைக்கும் தான், கெல், டஃபி, கிட்னு இன்னும் எவ்வளவோ ஆன்டிஜென் இருக்கு. உதாரணத்துக்கு சின்ன சிங்கற ஆன்டிஜெனுக்கு ஆன்டிபாடி இருந்தா ஓ நெகட்டிவ் இன்னும் மோசம், அந்த பேக் கிட்டத்தட்ட எல்லாத்துலயும் சின்ன சி இருக்கும். டாக்டர் சொல்லாம நீங்களா கேட்டு வாங்காதீங்க.

கேட்டவர்:
ரிவர்ஸ் குரூப்பிங்ல ஓ செல் ஒட்டலயாம், பாம்பே இல்லனு சொல்லிட்டாங்க. அவ செல்லோட அவ சீரமும் ஒட்டல. ஆனா பேனல்ல (எந்தெந்த ஆன்டிஜென் இருக்குனு தெரிஞ்ச செல் வரிசை) எல்லா செல்லும் ரியாக்ட் ஆகுதாம்?

பதில் 1:
ஆட்டோ கன்ட்ரோல் (அவங்க செல்லோட அவங்க சீரத்த சேத்துப் பாக்கறது) நெகட்டிவ், பேனல் முழுக்க பாசிட்டிவ்னா ரெண்டு மூணு ஆன்டிபாடி சேர்ந்திருக்கலாம், இல்லேன்னா ஊர்ல எல்லார்கிட்டயும் இருக்கற ஏதோ ஒரு ஆன்டிஜென் அவங்ககிட்ட மட்டும் இல்ல. சாம்பிள் ரெஃபரன்ஸ் லேபுக்குப் (இந்த மாதிரி சிக்கலான கேஸ் பாக்கற பெரிய லேப்) போகணும். அதுக்குள்ள நீங்களும் மத்த கூடப்பொறந்தவங்களும் டெஸ்ட் குடுத்திடுங்க, இல்லாதது ஒரே ஒரு ஆன்டிஜென் தான்னா அது உங்ககிட்டயும் இல்லாம இருக்க பெரும்பாலும் 4ல 1 வாய்ப்பு. மேட்ச் ஆனாலும் சொந்தக்காரங்க ரத்தத்த கதிர்வீச்சு குடுத்துட்டு தான் ஏத்தணும், அத மட்டும் மறக்காம ஞாபகப்படுத்துங்க.