மறு: குளோஸ் ஏர் சப்போர்ட் – தமிழில் எப்படிச் சொல்வது?

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

தரையில் போரிடும் நம் படைக்கு விமானம் வந்து எதிரியைத் தாக்கிக் கைகொடுக்கும் பணிதான் குளோஸ் ஏர் சப்போர்ட். அதற்கு இந்த இழையில் இதுவரை நான்கு சொற்கள் வந்திருக்கின்றன: தாழ்பறப்புத் தாக்குதல், நெருங்கிய வான் ஆதரவு, வான்வழி உதவி, அணுக்க வான்துணை. கடைசிச் சொல் நான் கொடுத்தது. இரண்டு நாள் யோசித்தபின் அதை நானே திரும்பப் பெறுகிறேன். ஏன் என்று கீழே சொல்கிறேன்.

> விமானம் தாழப் பறந்துதானே தாக்குகிறது? தாழ்பறப்பு என்றாலே புரியுமே.

மாணவர் இதழுக்கு நான் எழுதும் கட்டுரையைப் படித்தால் அப்படித்தான் தோன்றும். 2003 ஏப்ரல் 7, பாக்தாத். வானம் மேகமூட்டமாக இருக்கிறது. டைக்ரிஸ் ஆற்றங்கரையில் அமெரிக்கத் தரைப்படையினர் கடும் தாக்குதலில் சிக்கி ரேடியோவில் துணை கேட்கிறார்கள். அமெரிக்க விமானப்படை விமானி கிம் கேம்பல் தன் ஏ-10 தாக்குதல் விமானத்தை மேகத்துக்குக் கீழே இறக்கித் தாக்குகிறார். திரும்பும்போது விமானத்தின் வால்பகுதியில் அடி விழுகிறது. விமானத்தின் கட்டுப்பாடுகளைத் திரவ அழுத்தத்தால் இயக்கும் ஹைட்ராலிக் அமைப்பு முழுக்கச் செயலிழந்து, விமானம் நகரை நோக்கிச் சரிகிறது. கம்பிவடங்களால் மட்டும் இயங்கும் கைமுறைக் கட்டுப்பாட்டுக்கு மாற்றி, ஏறக்குறைய ஒரு மணி நேரம் அதைப் பிடித்து ஓட்டிக் குவைத்தில் தரையிறக்கினார். வால்பகுதியில் நூற்றுக்கணக்கான ஓட்டைகள் இருந்தன. அதற்காக டிஸ்டிங்குவிஷ்டு ஃபிளையிங் கிராஸ் என்ற அமெரிக்கப் பதக்கம் பெற்றார்.

அவர் தாழப் பறந்ததற்குக் காரணம் மேகம். அன்று வானம் தெளிவாக இருந்திருந்தால் உயரத்திலிருந்தே தாக்கியிருக்கலாம், அப்போதும் பணியின் பெயர் இதுவேதான். ஆப்கானிஸ்தானில் பி-52, பி-1 போன்ற பெரிய குண்டுவீச்சு விமானங்கள் கண்ணுக்கு எட்டாத உயரத்திலிருந்து இதே வேலையைச் செய்தன. ஆக, உயரம் இந்தச் சொல்லுக்குள் வரக் கூடாது.

அப்படியானால் ‘குளோஸ்’ என்பது எதற்கு எது பக்கம்? எதிரி நம் படைக்குப் பக்கத்தில் இருக்கிறான் என்பதுதான் பொருள். குண்டு கொஞ்சம் தள்ளி விழுந்தால் நம் ஆட்களே சாவார்கள். அதனால்தான் விமானி ஒவ்வொரு தாக்குதலையும் தரையில் இருப்பவர்களின் சூட்டோடும் நகர்வோடும் பொருத்தியாக வேண்டும். எதிரியின் தொலைதூரப் பாலத்தைத் தகர்ப்பதில் இந்தக் கவலை இல்லை.

இங்கேதான் என் ‘அணுக்கம்’ தோற்றது. தஞ்சைப் பெரிய கோயிலில் அணுக்கன் திருவாயில் இருக்கிறது, அணுக்கர் என்றால் மன்னனுக்கு நெருக்கமானவர்கள். அழகான சொல், ஆனால் அது மனிதர்களுக்கு இடையிலான நெருக்கத்தைச் சொல்கிறது. ‘நெருங்கிய வான் ஆதரவு’ என்பதிலும் இதே சிக்கல். நெருங்கிய நண்பர் என்பதுபோல, ஆதரவுதான் நெருங்கியது என்று படிக்கத் தோன்றும்.

எனவே என் புதிய பரிந்துரை: படையருகு வான்துணை. எதற்கு அருகில் என்பதைச் சொல்லே சொல்லிவிடுகிறது. எந்தப் படை என்று ஒருவர் கேட்கலாம். துணை என்று வந்துவிட்டால் அது நம் படைதான்.

‘ஆதரவு’ வேண்டாம் என்பதில் எனக்கு உறுதி உண்டு. கட்சிக்கு ஆதரவு, தீர்மானத்துக்கு ஆதரவு என்று அது வேறு வேலைக்குப் போய்விட்டது. ‘வான்வழி உதவி’ என்றால் வெள்ளத்தில் ஹெலிகாப்டரிலிருந்து போடும் உணவுப் பொட்டலம்தான் நினைவுக்கு வரும். துணை அப்படியல்ல. இருட்டில் தனியாகப் போகிறவர் ‘துணைக்கு வா’ என்றுதான் கூப்பிடுவார்.

லோங்கேவாலாவை நினைத்துப் பாருங்கள். இந்திய-பாகிஸ்தான் போர், 1971 டிசம்பர் 4 இரவு, ராஜஸ்தான் பாலைவனத்துக் காவல்நிலை ஒன்றில் மேஜர் குல்தீப் சிங் சாந்த்புரியும் சுமார் 120 பேரும் பாகிஸ்தான் டாங்கிகளை எதிர்த்து நின்றார்கள். ஜெய்சல்மேரில் இருந்த இந்திய விமானப்படையின் ஹண்டர் விமானங்களுக்கு இருட்டில் தாக்கும் கருவிகள் இல்லை. அந்த இரவை அவர்கள் கழித்தது விடிந்தால் வான்துணை வரும் என்ற ஒரே நம்பிக்கையில். விடிந்ததும் ஹண்டர்கள் வந்தன, டாங்கிகள் மணலில் ஒளிய இடமின்றி எரிந்தன. இந்த வாக்கியங்களில் ‘துணை’ இருக்கும் இடத்தில் ‘ஆதரவு’ என்று போட்டு ஒருமுறை வாய்விட்டுப் படியுங்கள்.

இந்த வீரம் நம் இலக்கணத்துக்கும் புதிதல்ல. தொல்காப்பியம் போரைப் பற்றிய தும்பைத் திணையில் தார்நிலை என்று ஒரு துறை சொல்கிறது: பகைவர் வேந்தனைச் சூழ்ந்து மொய்க்கும்போது ஒருவன் திரும்பி வந்து அவர்களைத் தாக்குவது. கலைச்சொல்லாக அதை எடுக்கச் சொல்லவில்லை, கட்டுரைத் தலைப்பில் வைக்க ஆசை.

அப்புறம் ‘கேலண்ட்ரி அவார்டு’ என்பதற்கான சொல் பற்றி. ‘சாகச விருது’ வேண்டாமே. மலையேறுவதும் சாகசம்தான். ‘வீரதீர விருது’ நாளிதழ்களில் ஏற்கெனவே புழங்குகிறது, அதுவே போதும். ஒரு நுட்பத்தை மட்டும் கவனிக்க வேண்டும்: கேம்பல் பெற்ற பதக்கம் வீரத்துக்கும் தரப்படும், பறத்தலில் செய்த அருஞ்செயலுக்கும் தரப்படும். அவருக்குக் கிடைத்தது வீரத்துக்காக. மொழிபெயர்ப்பில் இந்த வேறுபாடு விழுந்துவிடக் கூடாது.

இன்னொரு சொல் பாக்கி இருக்கிறது. லோங்கேவாலாவில் மேஜர் ஆத்மா சிங் கிருஷக் என்ற சின்ன விமானத்தில் களத்துக்கு மேலே சுற்றி, ஹண்டர்களுக்கு டாங்கிகள் இருக்கும் இடத்தைக் காட்டினார். அவருக்கு வீர் சக்ரா விருது கிடைத்தது. இப்படி, களத்தின் முன்னணியில் இருந்து தாக்கும் விமானியை இலக்குக்குக் கொண்டுசேர்ப்பவரை, ஆங்கிலத்தில் ‘ஃபார்வர்டு ஏர் கன்ட்ரோலர்’ என்பவரை, தமிழில் என்ன சொல்வது? ‘கட்டுப்பாட்டாளர்’ எனக்குப் பிடிக்கவில்லை. ‘இலக்குகாட்டி’ என்று வைத்திருக்கிறேன், ஆனால் அது கருவியின் பெயர்போல ஒலிக்கிறதோ என்று சந்தேகம். உங்கள் கருத்து வேண்டும்.