மேலத்தெரு வீடு வாட்ஸ்அப் குழு: சேகர் பெரியப்பா, தனம் பெரியம்மாவின் திருக்கடையூர் அறுபதாம் கல்யாண வீடியோ

வெள்ளி, 26 டிசம்பர் 2025

மாலை 6.42
யாழினி: அப்பா அம்மா அறுபதாம் கல்யாண வீடியோ வந்துவிட்டது!! 3 மணி 10 நிமிடம். ஒரே ஃபைல். ஸ்டுடியோக்காரர் ஹார்ட் டிஸ்க்கில் போட்டுக் கொடுத்திருக்கிறார்.

மாலா சித்தி: அப்பாடா. ஒரு மாதமாகக் காத்திருக்கிறேன். இங்கேயே போடு கண்ணு.

யாழினி: 11.4 ஜி.பி. சித்தி.

மாலா சித்தி: அந்தக் கணக்கெல்லாம் எனக்கு எதற்கு? போடு.

கார்த்திக்: போகாது சித்தி. வாட்ஸ்அப்பில் டாக்குமெண்டாக அனுப்பினாலே 2 ஜி.பி. வரைதான். வீடியோவாக அனுப்பினால் நசுக்கித்தான் அனுப்பும். உங்கள் அரக்குப் புடவையில் ஜரிகை தெரியாது, மஞ்சள் திட்டுதான் தெரியும்.

மாலா சித்தி: ஐயோ, நசுக்காதே. அந்தப் புடவைக்காகத்தான் கேட்பதே.

ரவி சித்தப்பா: தாலி கட்டும் இடம் மட்டும் வெட்டி அனுப்பினால் போதுமே. அண்ணனுக்குப் பின்னால் நான் அட்சதையோடு நிற்பது நன்றாக வந்திருக்கும்.

தனம் பெரியம்மா: நாயிற்றுக்கிழமை எல்லோரும் இங்கே வருகிறீர்கள்தானே. சேர்ந்தே பார்க்கலாம். பருப்பு உருண்டைக் குழம்பு வைக்கிறேன்

தனம் பெரியம்மா: *ஞாயிற்று

முத்து மாமா: நான் நாளைக்கே தஞ்சாவூரிலிருந்து கிளம்பி வந்துவிடுகிறேன் அக்கா. 32 ஜி.பி. பென்டிரைவ் இருக்கிறது. எல்லோருக்கும் நானே ஏற்றித் தருகிறேன்.

சனி, 27 டிசம்பர் 2025

காலை 11.05
முத்து மாமா: பென்டிரைவ் காலியாகத்தான் இருக்கிறது. 11 ஜி.பி. ஏற மாட்டேன் என்கிறது. ஃபைல் பெரிதாக இருக்கிறதாம். 32-க்குள் 11 போகாதா? நான் படித்த கணக்கு வேறு.

கார்த்திக்: அது ஃபேட்32 முறையில் ஃபார்மேட் செய்த பென்டிரைவ் மாமா. அதில் தனி ஃபைல் ஒன்று 4 ஜி.பி.யைத் தாண்டக்கூடாது. பத்தாயத்தில் இடம் இருக்கிறது, வாசல்தான் சின்னது.

முத்து மாமா: சரி, வாசலை இடித்துவிடலாமா?

கார்த்திக்: எக்ஸ்ஃபேட் என்று மாற்றி ஃபார்மேட் செய்யலாம். ஆனால் உள்ளே இருப்பது எல்லாம் போய்விடும். பழைய டிவி சிலது எக்ஸ்ஃபேட்டைப் படிக்கவும் படிக்காது.

முத்து மாமா: உள்ளே நகர் நலச் சங்கக் கணக்கு இருக்கிறது. அது போனால் நானும் போனேன்.

யாழினி: காலியாக இருக்கிறது என்றீர்களே மாமா 🙄

சேகர் பெரியப்பா: இதற்கு ஏன் இவ்வளவு பாடு? முன்பெல்லாம் ஷேர்இட்டில் நிமிடத்தில் அனுப்புவோமே. அதைப் போடுங்கள்.

கார்த்திக்: அது 2020 ஜூனிலேயே தடையாகிவிட்டது பெரியப்பா. 59 செயலிகளை ஒரே நாளில் நிறுத்தினார்களே, டிக்டாக்கோடு சேர்த்து. ஷேர்இட், ஜெண்டர் இரண்டுமே அந்தப் பட்டியலில் இருந்தன.

சேகர் பெரியப்பா: அப்படியா. நான் நேற்று என் பிளேயரை வேறு அப்டேட் செய்தேன். அதிலிருந்து போன் பூராவும் விளம்பரம்.

கார்த்திக்: எங்கிருந்து அப்டேட் செய்தீர்கள்?

சேகர் பெரியப்பா: சீரியல் பார்க்கும் ஒரு தளத்தில் வந்தது. "உங்கள் பிளேயர் பழையது, உடனே புதுப்பிக்கவும்" என்று சிவப்பு எழுத்தில். அழுத்தினேன்.

கார்த்திக்: யாழினி, ஓடு.

யாழினி: போனைப் பிடுங்கிவிட்டேன்.

11.31
யாழினி: "சூப்பர் பிளேயர்" என்று ஏதோ ஒன்று உட்கார்ந்திருந்தது. தூக்கிவிட்டேன். நல்லவேளை, எந்த அனுமதியும் கொடுக்கவில்லை. தெரியாத இடத்திலிருந்து செயலி போடும் வசதியையும் மூடிவிட்டேன்.

கார்த்திக்: பெரியப்பா, இது ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். போனில் அப்டேட் என்றால் ப்ளே ஸ்டோருக்குள் போய்ப் பாருங்கள். கம்ப்யூட்டரில் வி.எல்.சி. என்ற வீடியோ பிளேயருக்குள்ளேயே ஹெல்ப் மெனுவில் இருக்கிறது. சீரியல் பார்க்கும் தளம் வந்து சொன்னால், பால்காரர் வந்து கரண்ட் பில் கேட்பது மாதிரி.

சேகர் பெரியப்பா: பால்காரர் நல்ல மனிதர். இவன் சிவப்பில் எழுதியிருந்தான்.

12.10
முத்து மாமா: (படம்)

முத்து மாமா: இப்போது எனக்கும் பயமாக இருக்கிறது. லேப்டாப்பில் வி.எல்.சி.யைத் திறந்தேன். அந்த ஆரஞ்சுக் கூம்புக்கு யாரோ சிவப்புத் தொப்பி மாட்டியிருக்கிறார்கள். இதுவும் வைரஸா?

கார்த்திக்: 😂😂 கிறிஸ்துமஸ் தாத்தா தொப்பி மாமா. கம்ப்யூட்டர் வி.எல்.சி.யில் வருடா வருடம் இந்த நாட்களில் வரும். புத்தாண்டு கழிந்தால் தானே கழற்றிவிடும்.

மாலா சித்தி: என் ஐபோனிலும் வி.எல்.சி. இருக்கிறது. தொப்பியைக் காணோம்.

முத்து மாமா: என்னுடையது 3.0 என்று காட்டுகிறது. யாழினி போனில் 3.6. நான்தான் பின்தங்கியவனா?

கார்த்திக்: இல்லை மாமா. பெயர் ஒன்றுதான், ஒவ்வொரு கருவிக்கும் தனித்தனியாக எழுதுகிறார்கள். கம்ப்யூட்டருக்கு 2018-ல் வந்த 3.0 வரிசையையே இன்னும் சின்னச் சின்னதாகச் சரிசெய்து ஓட்டுகிறார்கள். ஆண்ட்ராய்டுக்கு எண் வேறு, ஐபோனுக்கு வேறு. ஒன்றில் வந்த வசதி இன்னொன்றில் இருக்க வேண்டும் என்பதில்லை. "எனக்கு மட்டும் வரவில்லை" என்று யாரும் சண்டை போடாதீர்கள்.

ரவி சித்தப்பா: இலவசமாகக் கொடுக்கிறானே, யார் அவன்?

கார்த்திக்: பாரிஸில் எக்கோல் சென்ட்ரல் என்ற கல்லூரியின் மாணவர்கள் 1996-ல் ஆரம்பித்தது சித்தப்பா. விடுதி நெட்வொர்க்கில் டிவி ஓட்டிப் பார்க்க வேண்டும், அதுதான் அவர்கள் ஆசை. வீடியோலேன் கிளையண்ட் என்பதுதான் வி.எல்.சி. ஆயிற்று. லேன் என்றால் ஒரே இடத்துக்குள் ஓடும் நெட்வொர்க். அதாவது நாளைக்கு நம் கூடத்தில் செய்யப் போகிறோமே, அதற்காகவே பிறந்தது. 2001-லிருந்து யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று திறந்துவிட்டார்கள். இந்த வருடம் ஜனவரியில் 600 கோடி பதிவிறக்கம் தாண்டியதாகச் சொன்னார்கள்.

முத்து மாமா: நடுவில் ஒரு வருடம் அவர்கள் தளமே நம் ஊரில் திறக்கவில்லையே.

கார்த்திக்: ஆமாம், 2022-ல். நவம்பரில்தான் தடை நீங்கியது. ஏற்கெனவே போட்டு வைத்தவர்களுக்கு ஓடிக்கொண்டுதான் இருந்தது. புதிதாகத் தேடியவர்கள்தான் கண்ட தளத்திலும் இறக்கிக்கொண்டார்கள். பெரியப்பா மாதிரி.

சேகர் பெரியப்பா: அதை விடப்பா.

மாலை 4.20
மாலா சித்தி: பக்கத்து வீட்டுப் பையன் சொல்கிறான், ஆண்ட்ராய்டிலிருந்து ஐபோனுக்கு இப்போது நேராகவே அனுப்பலாமாம். அப்டேட் வந்துவிட்டதாம்.

கார்த்திக்: பாதி உண்மை சித்தி. ஆண்ட்ராய்டில் நியர்பை ஷேர் என்று இருந்ததே, அதற்கு 2024 ஜனவரியில் குவிக் ஷேர் என்று பெயர் மாற்றினார்கள். அது ஐபோனின் ஏர்டிராப்போடு பேசும் என்று போன மாதம் அறிவித்தார்கள். ஆனால் முதலில் கூகுளின் பிக்சல் 10 போன்களுக்குத்தான். நம் வீட்டில் அது யாரிடமும் இல்லை. எல்லோரும் லோக்கல்செண்ட் என்ற ஃபைல் அனுப்பும் செயலியைப் போட்டுக்கொள்ளுங்கள். ஆண்ட்ராய்டு, ஐபோன், விண்டோஸ், மேக் எல்லாவற்றுக்கும் இருக்கிறது. இலவசம், விளம்பரம் கிடையாது, கணக்கு திறக்க வேண்டாம். எல்லோரும் ஒரே வைஃபையில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். டேட்டா ஒரு துளி செலவாகாது.

சேகர் பெரியப்பா: ப்ளே ஸ்டோருக்குள் போய்த்தான் போட்டேன். யாழினி பக்கத்தில் நின்றாள்.

தனம் பெரியம்மா: என் போனுக்கு அது தானாகவே ஏதோ மாம்பழம் என்று பெயர் வைத்திருக்கிறது.

யாழினி: அப்பாவுக்கு உருளைக்கிழங்கு 🤣

இரவு 9.48
முத்து மாமா: ஹார்ட் டிஸ்க்கிலிருந்து லேப்டாப்பில் ஏற்றிவிட்டேன். லேப்டாப்போடு வந்த பிளேயரில் சத்தம்தான் வருகிறது, படம் இல்லை. ஏதோ கோடெக் வாங்கச் சொல்கிறது.

கார்த்திக்: ஸ்டுடியோவில் ஹெச்.இ.வி.சி. முறையில் கொடுத்திருப்பார்கள். 4கே வீடியோ இடத்தை அடைக்காமல் இருக்க அப்படிச் சுருக்குவார்கள். காசு கொடுக்க வேண்டாம். வி.எல்.சி.யில் திறங்கள், சுருக்கியதை விரித்துக் காட்டும் கோடெக் அதற்குள்ளேயே இருக்கிறது.

9.55
முத்து மாமா: ஓடுகிறது! ஆனால் அத்தான் மூன்றாவது முடிச்சைப் போட்டு, கையை எடுத்து, நிமிர்ந்த பிறகு கெட்டிமேளம் கேட்கிறது.

கார்த்திக்: ப்ளூடூத் ஸ்பீக்கரில் கேட்கிறீர்களா?

முத்து மாமா: ஆமாம்.

கார்த்திக்: அதனால்தான். ப்ளூடூத்தில் சத்தம் கொஞ்சம் பிந்தித்தான் வரும். கீபோர்டில் ஜே எழுத்தை அழுத்துங்கள். ஒரு அழுத்துக்கு 50 மில்லி செகண்ட் சத்தம் முன்னால் நகரும். அதிகமாகப் போய்விட்டால் கே அழுத்தினால் பின்னால் வரும்.

முத்து மாமா: ஐந்து தடவை அழுத்தினேன். இப்போது விரலும் தவிலும் ஒன்றாக இறங்குகிறது. அடடா. இது தெரியாமல் எத்தனை படத்தை வாய் ஒரு பக்கம் வசனம் ஒரு பக்கமாகப் பார்த்திருக்கிறேன்.

ஞாயிறு, 28 டிசம்பர் 2025

காலை 10.36
யாழினி: கார்த்திக் அண்ணா, எல்லோரும் வந்தாயிற்று. நீ மட்டும்தான் இல்லை.

கார்த்திக்: இன்றைக்கு எனக்கு ஷிஃப்ட். போனைப் பக்கத்திலேயே வைத்திருக்கிறேன், சொல்லு.

யாழினி: லோக்கல்செண்டில் மாலா சித்தி போன் யாருக்குமே தெரியவில்லை. மாமா லேப்டாப்பும் தெரியவில்லை. நானும் அம்மாவும் மட்டும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு இருக்கிறோம்.

கார்த்திக்: சித்தி எந்த வைஃபையில் இருக்கிறார்கள்?

யாழினி: கெஸ்ட் என்று இருப்பதில். போன தடவை அப்பா அந்தப் பாஸ்வேர்டுதான் கொடுத்தாராம்.

கார்த்திக்: கெஸ்ட் வைஃபையில் இன்டர்நெட் வரும், வீட்டுக் கருவிகள் கண்ணுக்குத் தெரியாது. திண்ணையில் உட்கார வைத்துக் காபி கொடுப்பது மாதிரி. உள்ளே கூப்பிடுங்கள்.

மாலா சித்தி: ஆக, நான் இந்த வீட்டுக்கு வந்து 22 வருடம், இன்னும் திண்ணையில்தான். அத்தான் கவனிக்கவும்.

சேகர் பெரியப்பா: அம்மா, நான் ஒன்றும் சொல்லவில்லை. பாஸ்வேர்டு சின்னதாக இருந்தது, கொடுத்தேன்.

கார்த்திக்: சித்தி, மாறிய பிறகும் தெரியவில்லை என்றால் ஐபோன் செட்டிங்ஸில் லோக்கல்செண்டுக்கு லோக்கல் நெட்வொர்க் அனுமதி இருக்கிறதா பாருங்கள். முதல் தடவை கேட்கும்போது வேண்டாம் என்று அழுத்தியிருப்பீர்கள். மாமா, உங்கள் விண்டோஸில் அந்த வைஃபை பப்ளிக் என்று இருக்கும், பிரைவேட் என்று மாற்றுங்கள்.

10.58
யாழினி: மாம்பழம், உருளைக்கிழங்கு எல்லாம் வரிசையாக வந்துவிட்டன. மாமாவிடமிருந்து எனக்கு ஏறுகிறது. ஆனால் 48 நிமிடம் காட்டுகிறது.

கார்த்திக்: இரண்டு பேரும் 5 ஜிகாஹெர்ட்ஸ் வைஃபைக்கு மாறுங்கள். ரௌட்டர் இருக்கும் கூடத்துக்கே வந்துவிடுங்கள்.

யாழினி: 9 நிமிடம்!!

மாலா சித்தி: என் போனில் 3 ஜி.பி.தான் மிச்சம் இருக்கிறது. எனக்கு அந்தத் தாலி கட்டும் நாலு நிமிடத்தை மட்டும் வெட்டிக் கொடு யாழினி. புடவை நன்றாகத் தெரிகிற மாதிரி.

11.40
யாழினி: டிவியிலும் வி.எல்.சி. போட்டாயிற்று. டிவிக்குள் மொத்த இடமே 8 ஜி.பி., ஃபைல் ஏறாது. அதனால் மாமா லேப்டாப்பில் அந்த ஃபோல்டரை ஷேர் செய்து, டிவி வி.எல்.சி.யின் லோக்கல் நெட்வொர்க் வழியாகத் திறந்தோம். ஓடுகிறது. எதையும் காப்பி செய்யவே வேண்டாமாம், இது தெரியாமல் போயிற்றே.

கார்த்திக்: நான் சொல்லியிருக்க வேண்டும். டிவியில் ரிமோட் ஆக்சஸ் என்று ஒன்று இருக்கும், அதையும் போட்டுப் பார். ஆண்ட்ராய்டு வி.எல்.சி.க்கு 3.6-ல் வந்தது. டிவியில் ஒரு முகவரி காட்டும். அதைப் போன் பிரவுசரில் அடித்து, திரையில் வரும் எண்ணைப் போட்டால் போனே ரிமோட் ஆகிவிடும்.

12.15
யாழினி: ஏன்தான் சொன்னாயோ. அப்பா ஊஞ்சலில் உட்கார்ந்துகொண்டு தன் நன்றியுரை வரும் இடத்துக்கே ஓட்டுகிறார். அம்மா அடுப்படியிலிருந்து தன் போனில் மாலை மாற்றும் இடத்துக்கு இழுக்கிறாள். இருபது நிமிடமாக டிவியில் ஒரு காட்சி முழுசாக ஓடவில்லை.

சேகர் பெரியப்பா: நன்றியுரையில் ஒரு பெயரை விட்டுவிட்டேனோ என்று சந்தேகம். அதைத்தான் பார்த்தேன்.

தனம் பெரியம்மா: மூன்று தடவையா

பிற்பகல் 2.50
மாலா சித்தி: யாழினி வெட்டிக் கொடுத்த நாலு நிமிடத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டேன். ஜரிகை பளிச்சென்று இருக்கிறது. அத்தானுக்குப் பின்னால் முத்து அண்ணன் நிற்கிறார், புரோகிதர் நிற்கிறார், ஸ்டுடியோப் பையன் லைட்டோடு நிற்கிறான். அட்சதையோடு இவரைத்தான் காணோம்.

ரவி சித்தப்பா: கூட்டத்தில் மறைந்திருப்பேன்.

யாழினி: சித்தி, முழு வீடியோவில் அடுத்ததாகவே இரண்டாவது கேமரா சாப்பாட்டுக் கூடத்துக்குப் போகிறது. பின்னணியில் கெட்டிமேளம் கேட்கிறது. முதல் பந்தியில் இலை ஓரத்தில் யார் என்று பாருங்கள்.

யாழினி: (படம்)

முத்து மாமா: மாப்பிள்ளை! அப்பளத்தை நொறுக்கும் கட்டத்துக்கே வந்துவிட்டாரே!

ரவி சித்தப்பா: சத்தமும் படமும் ஒத்துப்போகவில்லை. அந்த ஜே எழுத்தை அழுத்திப் பாருங்கள்.

கார்த்திக்: சித்தப்பா, ஜே அழுத்தினால் மேளம்தான் நகரும். நீங்கள் இலையை விட்டு நகர மாட்டீர்கள்.

தனம் பெரியம்மா: பாயசம் எப்படி இருந்தது தம்பி? எனக்கு அன்றைக்குக் கிடைக்கவே இல்லை.

ரவி சித்தப்பா: நன்றாக இருந்தது அண்ணி. இரண்டு தடவை வாங்கினேன்.